முதியோர் வாய்நலமும் ‘பரவாயில்லை’ என்னும் மறுமொழியும்

நம் மக்கள் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் ‘பரவாயில்லை’ என்பது ஒன்று. ‘பர்வா’ என்னும் உருதுச் சொல்லின் வழியாகத் தமிழுக்கு வந்தது இது. ‘பர்வா’ என்றால் கவலை, பொருட்படுத்துதல் என்று பொருள். எனவே ‘பரவாயில்லை’ என்பதன் நேர்ப்பொருள் ‘கவலைப்பட ஒன்றுமில்லை’ என்பதேயாகும். ஒன்று நன்றாக இருக்கிறது என்று அச்சொல் கூறுவதில்லை. கெட்டிருக்கிறது என்றும் கூறுவதில்லை. அறுபது எழுபது வயது கடந்த ஒருவரிடம், அவர் தோட்டத்து லயத்தில் இருப்பவராயினும் பட்டணத்து அடுக்குமாடி வீட்டில் இருப்பவராயினும் சரி, “பல்லெல்லாம் எப்படி இருக்கிறது?” என்று கேட்டால், பெரும்பாலும் இச்சொல்லே விடையாக வரும். முன்பற்கள் இரண்டு மட்டும் எஞ்சி நிற்பவரும் அவ்வாறே சொல்வார். முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய பல்செட்டு பேசும்போதே நழுவி விழ, அதை நாக்கால் தாங்கிப் பிடித்துக்கொண்டு பேசுபவரும் அவ்வாறே சொல்வார்.

இவ்விடையை எங்ஙனம் கொள்வது? முதியவர் அறியாமையாற் சொல்கிறார் என்று தள்ளிவிடுவது எளிது. மருத்துவத் துறையினரும் நெடுங்காலம் அவ்வாறே தள்ளி வந்தனர். முதியவர் தம் வாய்க்குத் தாமே இடும் மதிப்பும், பல் மருத்துவர் விளக்கொளியிற் கண்டு எழுதும் மதிப்பும் ஒத்துவருவதில்லை என்பது பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் கண்ட செய்தி. பெரும்பாலும் முதியவர் இடும் மதிப்பே உயர்ந்து நிற்கும். ஆயின், கடந்த நாற்பது ஆண்டு ஆராய்ச்சி இதற்கு வேறொரு விளக்கம் தருகிறது. முதியவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் நாம் பல்லைப் பற்றிக் கேட்க, அவர் தம் வாழ்க்கையைப் பற்றி விடை சொல்கிறார். இவ்வேறுபாட்டை அறியாது, வந்த விடையை அப்படியே ஏற்றுக்கொள்வதால் நம் சமூகத்தில் உயிரிழப்பும் நேர்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

பல் மருத்துவம் வாயின் நிலையை முதலில் எண்ணிக்கையால் அளந்தது. 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிளைன், பால்மர், நட்சன் என்னும் மூவர் ஒரு கணக்கு முறையை வகுத்தனர். சொத்தை விழுந்த பல் எத்தனை, சொத்தையால் இழந்த பல் எத்தனை, அடைக்கப்பட்ட பல் எத்தனை என்று கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வது அம்முறை. இன்றும் உலகெங்கும் அது வழக்கில் உள்ளது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது மிகவும் பொருத்தமான கணக்கு. ஆனால் பற்கள் முழுதும் போன மூதாட்டிக்கு அக்கணக்கைப் போட்டால் எண் உச்சத்திற் போய் நின்றுவிடும். அதன்பின் அவர் கஞ்சியே குடித்து வாழ்கிறாரா, நல்ல பல்செட்டுப் போட்டுக்கொண்டு கோழிக்கறி சாப்பிடுகிறாரா என்பதை அந்த எண் சொல்லாது.

இக்குறையை நீக்க முயன்றவர்களுள் கனடாவின் டொரொண்டோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் லாக்கர் குறிப்பிடத்தக்கவர். 1988-இல் அவர் ஒரு படிவரிசையை எடுத்துரைத்தார். முதலில் நோய், நோயால் உறுப்பில் உண்டாகும் குறை, குறையால் செயலில் தடையும் வலியும், தடையால் அன்றாட வாழ்வில் இயலாமை, இறுதியாக, பிறரோடு கலந்து வாழ்வதில் நேரும் இழப்பு. முதற்படியில் நிற்போர் அனைவரும் இறுதிப்படிக்குப் போவதில்லை. பல் போனவர் இருவருள் ஒருவர் கலியாண விருந்தில் முதற்பந்தியில் உட்காருகிறார். மற்றவர் விருந்துக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார். பல்லை எண்ணுகிறவருக்கு இருவரும் ஒன்றே, வாழ்கிறவர்களுக்கு ஒன்றாகுமா?

1990-இல் கேத்ரின் அட்சிசன், தெரசா டோலன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், முதியோர்க்கென்றே பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டனர். முதியோர் வாய்நல மதிப்பீட்டுக் குறியீடு என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். கடந்த மூன்று மாதத்தில் பல்லின் தொல்லையால் உணவின் வகையையோ அளவையோ குறைத்துக்கொண்டீர்களா, கெட்டியான பண்டத்தைக் கடிக்கச் சிரமமாக இருந்ததா, நினைத்தபடி பேச முடிந்ததா, பிறர் முன்னிலையிற் சாப்பிடக் கூச்சப்பட்டீர்களா, வலி தணிய மருந்து எடுத்தீர்களா, சூடும் குளிரும் இனிப்பும் பல்லிற் கூசினவா, உங்கள் பல்லின் தோற்றம் உங்களுக்கு மனநிறைவாக உள்ளதா என்ற முறையில் அக்கேள்விகள் செல்லும். இதில் எங்குமே ‘உங்கள் பல் நன்றாக இருக்கிறதா?’ என்ற கேள்வி இல்லை. கேள்வி முழுதும் வாழ்க்கையைப் பற்றியது. மலாய் மொழியிலும் இது பெயர்த்துச் சோதிக்கப்பட்டு, அவ்வாய்வு 2006-இல் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவில் ஸ்லேட், ஸ்பென்சர் என்போர் 1994-இல் நாற்பத்தொன்பது கேள்விகள் கொண்ட மற்றோர் அளவுகோலை வகுத்தனர். அதன் பதினான்கு கேள்விச் சுருக்கம் 1997-இல் வந்து இன்று பெருவழக்காக உள்ளது.

ஆசிரியப் பணியில் இருப்போர்க்கு இதன் நுட்பம் உடனே விளங்கும். “பாடம் புரிந்ததா?” என்று வகுப்பில் கேட்டால் “புரிந்தது சார்” என்றுதான் நாற்பது குரலும் எழும். பாடத்திலிருந்து ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போடச் சொன்னால்தான் எவனுக்குப் புரிந்தது என்பது தெரியும். பொதுக்கேள்விக்குப் பொதுவிடை, குறிப்பான கேள்விக்கே குறிப்பான விடை. அமெரிக்கக் கேள்வித்தாளில் உள்ள ஆப்பிளையும் இறைச்சித் துண்டையும் நம் பாட்டியிடம் போய்க் கேட்டுப் பயனில்லை. முறுக்கையும் கொய்யாக்காயையும் கச்சாங் பூத்தேயையும் பற்றிக் கேட்க வேண்டும்.

இனி, முதியவர் தம் வாய்க்கு ஏன் உயர்ந்த மதிப்பே இடுகிறார் என்று பார்ப்போம். மனிதன் எதையும் தான் எதிர்பார்த்ததோடு ஒப்பிட்டே அளக்கிறான். வயதானால் பல் விழும், மயிர் நரைக்கும் என்று இரண்டையும் ஒரே தட்டில் வைத்து வளர்ந்த தலைமுறை அது. நரை நோயன்று, ஆகவே பல் விழுதலும் நோயன்று என்பது அவர்தம் துணிபு. உண்மையோ வேறு. முதுமையினால் மட்டும் பல் விழுவதில்லை. சொத்தையாலும் ஈறு நோயாலும் விழுகிறது, இரண்டும் தடுக்கத்தக்கவை. ஆயினும் அத்தலைமுறையைக் குறை சொல்ல வழியில்லை. அவர்கள் பிள்ளைகளாக இருந்த காலத்திற் பல் மருத்துவர் என்றாலே பல் பிடுங்குகிறவர் என்றுதான் பொருள். சிங்கப்பூரிற் பல் மருத்துவக் கல்லூரி 1929-இலேயே தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை செய்யும் பல் தாதியர்க்குப் பினாங்கில் 1949 முதல் பயிற்சி தரப்பட்டது. எனினும் அந்நலன்கள் உட்புறத் தோட்டங்களை எட்ட வெகுகாலம் ஆயிற்று. ஜொகூர் பாருவிற் குடிநீரில் ஃபுளோரைடு கலக்கத் தொடங்கியது 1957-இல். நாடு முழுதுக்குமாக அது முடிவானது 1972-இல். கிணற்று நீரும் ஆற்று நீரும் குடித்த லயங்களுக்கு அதனால் விளைந்த பயன் என்ன?

எதிர்பார்ப்பைப் போலவே ஒப்புமையும் வேலை செய்கிறது. தம்மோடு பால்மரம் வெட்டியவர்களுள் பலர் போய்விட்டனர். இருப்பவர்களுக்கோ இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, முழங்கால் வலி. காலில் ஆறாத புண்ணோடு இருப்பவர் பல்லைப் பற்றி முறையிடுவதைத் தமக்கே தகாததாக எண்ணுகிறார். மருத்துவமனைக்குப் பேரனை அலையவைக்கும் வரிசையிற் பல்லுக்கு இடம் கடைசியில்.

இவற்றையெல்லாம்விட வலியது பழக்கம். பல் ஒவ்வொன்றாகப் போகப் போக, உணவும் ஒவ்வொன்றாக மாறுகிறது. முறுக்கு நீரில் ஊறுகிறது, கறி குழைய வேகிறது, கீரைத்தண்டு விலகுகிறது, ரொட்டி தேநீரில் நனைகிறது. இம்மாறுதல்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மெல்ல நடப்பதால், தாம் எதையும் இழந்ததாக அவருக்குத் தோன்றுவதேயில்லை. மனம் தன் அளவுகோலையே குறுக்கிக்கொள்கிறது. குறுகிய கோலால் அளந்தால் எல்லாம் நிறைவாகவே இருக்கும். பல் போன பின்னும் வெற்றிலையை விட மனமில்லாமல், கைக்கடக்கமான சிறு உரலில் வெற்றிலை பாக்கை இடித்து வாயிற் போட்டுக்கொள்ளும் மூதாட்டிகளை நாம் கண்டிருக்கிறோம். மனிதரின் இணங்கிப்போகும் திறனுக்கு அந்த உரலைவிட வேறு சான்று வேண்டியதில்லை. இத்திறன் ஒரு பெரும்பேறே. இதுவின்றி முதுமையைத் தாங்க இயலாது. ஆனால் இழப்பைப் பொறுக்க உதவும் இதே திறன் இழப்பை மறைக்கவும் செய்கிறது. நாரும் காய்கனியும் குறைந்து சோறும் சீனியும் மிகுந்த மெத்தென்ற உணவு, இனிப்புநீர் உள்ளவர்க்கு என்ன செய்யும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. மருத்துவர் பார்வையிற் குறையொன்றும் இராது, முதியவரோ துன்பப்படுவார். எல்லாப் பற்களும் போனவருக்குப் பல்செட்டுக் கட்டியாயிற்று என்றால் ஏட்டில் அக்கணக்கு முடிந்தது. ஆனால் பல் இழந்த தாடையெலும்பு ஆண்டுதோறும் தேய்ந்து சுருங்குவது. பத்தாண்டுக்கு முன் இறுகப் பொருந்திய செட்டு இன்று ஆடும். அடியிற் சோற்றுப்பருக்கை புகுந்து குத்தும். இருமினால் வெளியே வந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவர் சிரிப்பதை அடக்கிக்கொள்கிறார், கோயிற் பஜனையிற் பாடுவதை விட்டுவிடுகிறார், வெளியூர் விருந்துக்கு உடல்நலம் சரியில்லை என்று சொல்லிவிடுகிறார். வீட்டார் அதை முதுமையின் முசுடு என்று கொள்வர். ‘பல் போனால் சொல் போச்சு’ என்ற நம் பழமொழிக்கு எழுத்தின் ஒலிப்பு மட்டுமே பொருள் என்று இலக்கண ஆசிரியர் சொல்வார்; பேச்சையே குறைத்துக்கொள்ளும் இம்முதியவர்களையும் அதில் அடக்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. இங்கே முதியவர் சொல்லே சரி; ஏடுதான் தவறு. 2016-இல் உலகப் பல் மருத்துவச் சம்மேளனம் வாய்நலத்துக்குப் புதிய வரையறை தந்தபோது, பேசுதல், சிரித்தல், சுவைத்தல், மெல்லுதல், விழுங்குதல் ஆகியவற்றை நம்பிக்கையோடும் வலியின்றியும் செய்யும் திறனை அதில் அமைத்தது இதனாற்றான்.

ஆகவே வாழ்க்கையைப் பற்றி முதியவர் சொல்வதை நம்ப வேண்டும். நோயைப் பற்றி அவர் சொல்லாதிருப்பதை நம்பிவிடக் கூடாது. ஏனெனில் அவர் நோயை அறிவது வலியைக் கொண்டே. முதுமையில் வலி நம்பத்தக்க தூதனன்று. பல்லின் நடுவே நரம்பும் குருதிக் குழாய்களும் அடங்கிய பற்கூழ் உண்டு. வயது ஏற ஏற, பல்லின் உட்சுவர் தடித்து அக்கூழறை குறுகுகிறது. கூச்சமும் வலியும் மட்டுப்படுகின்றன. இளைஞனைத் துடிக்கவைக்கும் சொத்தை முதியவரிடம் ஓசையின்றி வேலை செய்யும். ஈறு கீழிறங்கி வெளிப்படும் பல்வேரில் எனாமல் கவசம் இல்லாமையால் அங்கே சொத்தை விரைந்து பற்றுகிறது. அதுவும் பல் முறியும் வரை தெரிவதில்லை. ஈறு நோய் பெரும்பாலும் வலியற்றது. பல் ஆடத் தொடங்கும்போது எலும்பு ஏற்கனவே கரைந்திருக்கும். இனிப்புநீர் ஈறு நோயை மிகுவிக்கும். ஈறு நோய் இனிப்புநீரைக் கட்டுக்குள் வைப்பதைக் கடினமாக்கும். முதியோர் உண்ணும் மருந்துகள் பல எச்சிலைக் குறைப்பவை. வாய் உலர்வதை அவர்கள் தாகம் என்று எண்ணித் தண்ணீர் குடிப்பர். இல்லையேல் இனிப்பு மிட்டாயை அடக்கிக்கொள்வர். பின்னது சொத்தைக்கு விருந்து.

இவையெல்லாம் பல்லை வாங்கும் நோய்கள். உயிரை வாங்குவது ஒன்றுண்டு. நம்மிடையே அதற்கு வெற்றிலை பாக்குடன் நெருங்கிய உறவு. 1993, 1994-ஆம் ஆண்டுகளில் மலேசியா முழுவதும் இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட 11,697 பேரின் வாயை மருத்துவர்கள் சோதித்தனர். வாய்ப்புற்றாக மாறக்கூடிய முன்னிலைக் குறிகள் இந்தியரிடையே நூற்றுக்கு 4.0 விழுக்காடும், சீனரிடையே 0.5 விழுக்காடும் காணப்பட்டன. எல்லா இனத்தாரிலும் நமக்கே அது மிகுதி. 1985-இலேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், புகையிலை சேர்ந்த வெற்றிலை மெல்லுதல் மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது என்று அறிவித்தது. 2004-இல், புகையிலை சேராத வெற்றிலைச் சுருளும், தனிப் பாக்குமே அத்தன்மையன என்று அறுதியிட்டது. ‘புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தானே’ என்ற ஆறுதலுக்கு அதன்பின் இடமில்லை. தாம்பூலம் நம் மங்கலப் பொருள் என்பதை மறுப்பாரில்லை. தட்டில் வைத்து வழங்குவது வேறு. நாள் முழுதும் கன்னத்தில் அதக்கி வைப்பது வேறு.

இந்நோயில் முதியவரின் சுயமதிப்பு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டே போதும். பாக்கு மெல்வோரிற் சிலருக்குக் கன்னத்தின் உட்தோல் மெல்ல நார்த்துக் கெட்டியாகும். அதன் தொடக்கக் குறி, காரம் பட்டால் வாய் எரிவது. பிறகு வாய் திறக்கும் அகலம் சிறிது சிறிதாகக் குறையும். பாட்டி என்ன சொல்வார்? “வயசாயிடுச்சு தம்பி, மிளகாய் ஒத்துக்கலே” என்பார். மருமகள் குழம்பிற் காரத்தைக் குறைப்பாள். எல்லாம் அன்பினாலேயே நடக்கும். நோய் மட்டும் உள்ளே வளரும். கன்னத்திலோ நாக்கின் ஓரத்திலோ தோன்றும் வெண்திட்டும் செந்திட்டும் இவ்வாறே. தொடக்கத்தில் அவை வலிப்பதில்லை. வலி வந்து மருத்துவரைத் தேடும்போது பலருக்கு நோய் முற்றியிருக்கிறது. தொடக்கத்திற் கண்டால் பிழைப்போர் பலர்; முற்றிக் கண்டால் பிழைப்போர் சிலர்.

எதிர்பார்ப்பு மாறினால் சுயமதிப்பும் மாறும் என்பதற்கு ஜப்பான் சான்று. எண்பது வயதில் இருபது பற்கள் என்னும் இயக்கத்தை அந்நாடு 1989-இல் தொடங்கியது. இருபது சொந்தப் பற்கள் இருந்தால் பெரும்பாலான உணவை மென்று உண்ணலாம் என்பது அதன் அடிப்படை. அன்று அது நகைப்புக்குரிய இலக்காகத் தோன்றியிருக்கும். 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எண்பது வயதினரிற் பாதிக்கு மேற்பட்டோர் அவ்விலக்கை எட்டியிருந்தனர். எண்பதிலும் பல் இருக்கும் என்று நம்பும் ஊரில், ஒரு பல் ஆடினாலும் அது முறையிடத்தக்க செய்தியாகிவிடும். முறையீடு மிகுவது அங்கே நலத்தின் அடையாளம்.

நம் நிலையோ விந்தையானது. அரசாங்கப் பல் மருத்துவக் குழு தமிழ்ப்பள்ளிக்கு வந்து, பிள்ளைகள் ஒவ்வொருவரின் வாயையும் திறந்து பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு போகிறது. பேத்தியை அழைத்துப்போகப் பள்ளி வாசலில் மரநிழலில் நிற்கும் பாட்டியின் வாயைப் பார்த்தவர் எவருமில்லை. வெற்றிலைப் பை அவர் மடியில் இருக்கிறது. வாய்ப்புற்றை முன்னரே கண்டறிய மலேசியச் சுகாதார அமைச்சு தோட்டங்களை நோக்கி ஒரு திட்டம் நடத்தி வந்துள்ளது. ஆனால் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குச் சிதறிவிட்டனர். லயத்திற் கூடியிருந்தவர்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது எளிது. பதினைந்தாம் மாடியிற் கதவடைத்து இருப்பவரைப் பார்ப்பது அத்துணை எளிதன்று. எனவே கேட்கும் பொறுப்பு வீட்டாரிடமே வந்து சேர்கிறது.

கேட்பதை எவ்வாறு கேட்பது? “பல் எப்படி?” என்பதை விட்டுவிடலாம். முறுக்குக் கடித்து எவ்வளவு நாளாயிற்று? கறியை ஏன் ஒதுக்கி வைக்கிறீர்கள்? ஒரு பக்கமாகவே மெல்லுகிறீர்களா? இரவில் வாய் உலர்ந்து எழுகிறீர்களா? முன்பு தாங்கிய காரம் இப்போது எரிகிறதா? மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடிகிறதா? இவற்றுக்குப் ‘பரவாயில்லை’ என்று விடை சொல்ல முடியாது. கேட்டபின் பார்க்கவும் வேண்டும். பகல் வெளிச்சத்தில், அல்லது கைவிளக்கு ஒன்றின் துணையோடு, இரு கன்னங்களின் உட்புறம், உதட்டின் உட்புறம், நாக்கின் இரு ஓரங்கள், நாக்கின் அடிப்பகுதி, மேலண்ணம் ஆகியவற்றைப் பார்க்கலாம். துடைத்தாற் போகாத வெண்திட்டு, செந்திட்டு, தடிப்பு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் ஆகியவற்றுள் எது கண்டாலும், வலி இல்லாவிட்டாலும், பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அரசாங்கப் பல் மருத்துவ நிலையங்களிற் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. பல்லே இல்லாதவர் பல் மருத்துவரிடம் போவானேன் என்று பலர் கேட்பதுண்டு. மருத்துவர் அங்கே பார்ப்பது ஈற்றையும் கன்னத்தையும் நாக்கையுந்தான். பல்செட்டு இருந்தால் அதைக் கழற்றிவிட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.